பழவேற்காட்டுக் கரையின் தகர விளக்கு

பழவேற்காட்டின் பழமையைப் பேசுகிறவர்கள் 1613இல் டச்சுக்காரர் கட்டிய கெல்டிரியா கோட்டையையும், மண்டையோடு செதுக்கிய அவர்களது கல்லறைகளையும், 1859இல் எழுந்த கலங்கரை விளக்கத்தையும் சொல்லி முடித்துவிடுவார்கள். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் போன்ற மீனவ ஊர்களில் ராத்திரி எரிந்த விளக்குக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. காலி டப்பாவிலும் பழைய புட்டியிலும் செய்த விளக்கை வறுமையின் அடையாளமாக எண்ணி ஒதுக்கிவிடுகிறோம். அந்த எண்ணம் பிழை என்பதே என் வாதம். ஏரிக்கரையில் சுடரைவிடச் சுடரைக் காக்கும் கலம்தான் பெரிய கேள்வி. அது காற்றை மறைக்க வேண்டும், உப்பைத் தாங்க வேண்டும், தண்ணீரில் விழுந்து தொலைந்தாலும் மறுநாள் தொழிலை நிறுத்தாததாக இருக்க வேண்டும். வீட்டில் மிஞ்சிய பொருளைத் தவிர வேறெதுவும் இந்த மூன்றையும் ஒருசேர நிறைவேற்றியதில்லை.

தொழிலைப் பார்த்தால் இது விளங்கும். சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு ஏரி. ஆனாலும் பெரும்பாலான இடங்களில் ஓர் ஆள் இறங்கி நடக்கும் ஆழம்தான். இறால் பகலில் சேற்றில் புதைந்து கிடந்து இரவில்தான் வெளியே வரும். அதனால் இறால் தேடுகிறவனுக்கு இருட்டே வேலை நேரம். முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல வலையிடங்களைப் பட்டினவர் என்னும் மீனவச் சமூகத்தின் ஊர்கள் 'பாடு' முறைப்படி பங்கிட்டுக்கொண்டன. யாருக்கு எந்த இடம், எந்த முறை என்பது ஊர்க் கட்டுப்பாட்டில் இருந்தது. இருட்டில் தன் இடத்தைக் கண்டுகொள்ளவும், வலையில் சிக்கியதைப் பிரித்தெடுக்கவும், கரையில் கூறு போடவும் கைவிளக்கு வேண்டும். கண்ணாடிக் கூண்டு வைத்த அரிக்கேன் விளக்கு நல்ல விளக்குதான். ஆனால் சூடேறிய கண்ணாடியில் நாலு துளி ஏரித் தண்ணீர் தெறித்தாலே விரிசல் விட்டுவிடும். சாமி மாடத்தில் பித்தளை விளக்கு வைத்திருக்கும் குடும்பமும் அதைத் தோணிக்கு எடுத்துப் போகாது. வீட்டுக்குள் எரியும் விளக்குக்கும் வெளியில் எரியும் விளக்குக்கும் தேவை வேறு. வெளி விளக்கு மலிவாக இருந்ததற்கு வறுமை ஒரு காரணம், மறுக்கவில்லை. அதையே ஒரே காரணமாக்கினால் தொழிலைப் பார்க்கத் தவறுகிறோம்.

இந்தப் பழக்கம் மண்ணெண்ணெயோடு வந்ததும் அல்ல. நற்றிணையின் 175ஆம் பாடல், பிடித்த மீனை மணலில் குவித்துவிட்டு, கிளிஞ்சலில் மீன் எண்ணெய் ஊற்றி ஏற்றிய சிறு விளக்கின் ஒளியில் உறங்கும் பரதவரைக் காட்டுகிறது. அங்கே எண்ணெயும் மீனிலிருந்து வந்தது, அகலும் கடலிலிருந்து வந்தது; காசு கொடுத்து வாங்கியது எதுவும் அந்த விளக்கில் தெரியவில்லை. அந்தப் பாட்டில் பழவேற்காடு வரவில்லையே என்று கேட்கலாம். சரிதான், ஊர்ப் பெயர் சொல்லாத நெய்தல் பாட்டு அது. கிழக்குக் கரையா மேற்குக் கரையா என்றுகூட அதைக்கொண்டு முடிவு கட்ட முடியாது. ஆனால் கிளிஞ்சலுக்குப் பஞ்சமில்லாத கரை இது. ஏரியின் அடியில் படிந்து கிடந்த சிப்பி ஓடுகளைத் தோண்டி எடுத்துச் சுண்ணாம்பு சுட்டார்கள். தின்றது போக மிஞ்சிய ஓடு கைக்கெட்டும் தூரத்தில் குவிந்து கிடக்க, அகலுக்காகக் குயவர் வீட்டுக்குப் போக வேண்டிய அவசியம் மீனவருக்கு இருந்திருக்காது என்று கொள்வதில் பெரிய துணிச்சல் எதுவும் இல்லை.

கிளிஞ்சலின் இடத்தைத் தகரம் பிடித்தது உலக வணிகத்தின் கதை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க மண்ணெண்ணெய் ஆசியத் துறைமுகங்களுக்கு மரப்பெட்டிக்கு இரண்டு தகரமாக அடைத்து வந்தது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 19 லிட்டர். 1892இல் எண்ணெய் வணிகர் மார்கஸ் சாமுவேலின் 'மியூரெக்ஸ்' கப்பல் எண்ணெயைத் தகரத்தில் அடைக்காமல் மொத்தமாக ஏற்றிக்கொண்டு சூயஸ் கால்வாயைக் கடந்தது. எண்ணெய்க் கப்பல் ஒன்று அந்தக் கால்வாயில் போனது அதுவே முதல் தடவை. செலவு குறைந்ததால் போட்டியில் எளிதாக வென்றுவிடலாம் என்பது கணக்கு. கீழ்த்திசை நாடுகளில் அந்தக் கணக்கு பொய்த்தது. வாங்குகிறவர்கள் எண்ணெயோடு தகரத்தையும் எதிர்பார்த்தார்கள். போட்டியாளரான அமெரிக்க ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் நீலத் தகரங்கள் அதற்குள் கூரையாகவும் அடுப்பாகவும் வடிகட்டியாகவும் விளக்காகவும் வீடுகளுக்குள் புகுந்திருந்தன. கடைசியில் சாமுவேல் தரப்பு தகரத் தகடுகளைக் கப்பலில் அனுப்பி, அந்தந்த ஊரிலேயே சிவப்புத் தகரங்கள் செய்ய வேண்டியதாயிற்று. காலி டப்பாவைப் பயன்படுத்துவது ஒன்றுமில்லாதவனின் கடைசி வழி என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் சான்று இதுதான். கோடிக்கணக்கில் பணம் போட்ட எண்ணெய் வணிகர்களே காலித் தகரத்துக்குத் தலைவணங்கினார்கள்.

தகரத்தில் விளக்கு செய்கிற கைவேலையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். சின்ன டப்பாவின் மூடியில் ஆணியால் துளை. தகரத் துண்டைக் கம்பியில் சுருட்டிச் செய்த குழல் அந்தத் துளையில் நிற்கும். பழைய வேட்டியைக் கிழித்து முறுக்கிய திரி அதற்குள். பக்கத்தில் காற்றுப் போக இன்னொரு பொடித்துளை, அதை மறந்தால் திரி எண்ணெயைச் சரியாக இழுக்காது. சந்தைகளில் கொழுந்துவிட்டு எரிந்த காடா விளக்கும் இந்தச் சாதிதான், திரி மட்டும் தடிமன். வெளியில் வைக்கும்போது பெரிய தகரத்தின் ஒரு பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு விளக்கை உள்ளே வைத்தால் மூன்று பக்கமும் காற்றுக்கு மறைவு. உள்பக்கத்துப் பளபளப்பு வெளிச்சத்தைத் திறந்த பக்கம் திருப்பிவிடும்.

மெழுகுவர்த்தி வேறு வழியாக வந்தது. போர்ச்சுக்கீசியர் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இந்தக் கரைக்கு வந்துவிட்டார்கள். ஊரின் மகிமை மாதா ஆலயம் தன் தொடக்கத்தை 1515 என்று கொள்கிறது. ஆனால் அக்கால மெழுகுவர்த்திக்கான தேன்மெழுகு ஏழை வீட்டுக்கு எட்டும் பொருள் அல்ல. பாரஃபின் மெழுகு பெருகிய பிறகுதான் எல்லார் கைக்கும் மெழுகுவர்த்தி வந்தது. அசாமின் டிக்பாய் சுத்திகரிப்பு நிலையம் 1901இல் தொடங்கியது, அதன் மெழுகு பேர்பெற்றது. மண்ணெண்ணெய்க்கும் மெழுகுக்கும் ஊற்று ஒன்றே. மெழுகுவர்த்திக்கு எண்ணெய்க் கலம் தேவையில்லை, காற்று மறைப்பு மட்டும் அதைவிட அதிகம் தேவை. கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றும் கல்லறைத் திருநாள் வருவதோ நவம்பர் 2, வடகிழக்குப் பருவமழை கரையைத் தொட்டிருக்கும் நேரம். உயரமான பால்பவுடர் டப்பாவின் அடியில் நாலு விரல் மணல் போட்டு மெழுகுவர்த்தியை நட்டால், மணல் டப்பாவைக் காற்றில் சாயாமல் நிறுத்தும், உருகி வழிவதையும் வாங்கிக்கொள்ளும். மணலுக்குச் சற்று மேலே சின்னதாக இரண்டு துளை போதும்; துளையே இல்லாவிட்டால் சுடர் மூச்சுமுட்டும், அதிகமானால் காற்று உள்ளே புகுந்து அணைத்துவிடும். டப்பா கிடைக்காத இடத்தில் கொட்டாங்கச்சியைப் படுக்கவைத்து உள்ளே மெழுகுவர்த்தியை ஒட்டினால் வெளிச்சம் முன்னால் மட்டும் விழும், பிடித்திருப்பவன் கண் கூசாது.

இத்தனை புகழ்ச்சிக்கும் எதிராக வலுவாக நிற்கும் மறுப்பு ஒன்று உண்டு: இந்த விளக்குகள் ஆளைக் கொன்றன. ஒல்லியான புட்டியில் செய்த விளக்கு லேசாகத் தட்டினால் சாயும், மூடி கழன்று எண்ணெய் கொட்டும், ஓலைக் குடிசையில் அடுத்த நிமிடம் தீ. இதை யாரும் மழுப்பக் கூடாது. ஆனால் குற்றம் பழைய பொருளின் மீதா, அதன் வடிவத்தின் மீதா? இலங்கையில் அறுவை மருத்துவர் விஜய கொடகும்புர, குப்பி விளக்குத் தீயில் வெந்து வந்தவர்களுக்குச் சிகிச்சை அளித்தவர். அவர் விடை கண்டது மார்மைட் ஜாடியில். குள்ளமாக, அடிகனத்து, எளிதில் சாயாதது அது. அதைப் பார்த்து, உருளாமலிருக்க இரண்டு பக்கம் தட்டையாகவும் எண்ணெய் கொட்டாமலிருக்கத் திருகு மூடியோடும் ஒரு விளக்கை வடிவமைத்தார். விலை மிகக் குறைவு. 1998இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. சமையலறையில் காலியான ஜாடி ஒன்று விளக்கின் பிழையைத் திருத்தியது. அந்தக் கவனம் நம் கரைக்கும் வந்திருந்தால் எத்தனையோ பேர் தப்பியிருப்பார்கள்.

மின்சாரமும் எல்இடி டார்ச்சும் வந்த பிறகு இந்தப் பேச்சு எதற்கு என்பது இன்னொரு கேள்வி. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் மின்கம்பங்களைச் சாய்த்தபோது திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்கள் பல நாள் இருளில் கிடந்தன. அப்படிப்பட்ட இரவில் மெழுகுவர்த்தி மறுபடி கைக்கு வரும், அதை எதில் வைப்பது என்ற பழைய கேள்வியும் கூடவே வரும். இப்போது வித்தியாசம் ஒன்று இருக்கிறது. முன்பு வீட்டில் மிஞ்சியவை ஓடு, தகரம், கண்ணாடி. மூன்றும் நெருப்பைத் தாங்கும். இன்று மிஞ்சுவது பிளாஸ்டிக் பாட்டிலும் பாக்கெட் உறையும். சுடர் பட்டால் உருகும், ஏரியில் எறிந்தால் மக்காது. கழிவே கலமான நீண்ட வழக்கத்தை மின்சாரம் பாதி நிறுத்தியது என்றால், மீதியை நிறுத்தியது குப்பையின் குணம் மாறியதுதான்.

தகர விளக்குகளும் நாளடைவில் உப்புக்காற்றில் அரித்துப் போகும், அரிக்காதவை பழைய இரும்புக் கடைக்குப் போகும். அதனால் இவற்றை எந்த அருங்காட்சியகத்திலும் தேடிப் பயனில்லை, சான்றில்லாத வரலாறு இது என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் எஞ்சியவற்றுக்குக் காலம் கணிக்கக் கல்வெட்டு வேண்டியதில்லை, தகரத்தில் அச்சிட்ட நிறுவனப் பெயரே போதும். பர்மா ஷெல் இந்தியாவில் உருவானது 1928இல், அரசுடைமையானது 1976இல். அந்தப் பெயர் தாங்கிய தகரம் அந்த இடைவெளியைச் சேர்ந்தது. எஸ்ஸோ என்றிருந்தால் 1970களின் நடுப்பகுதிக்குப் பிந்தியதாக இருக்க முடியாது. இந்தியன் ஆயில் என்றிருந்தால் 1959க்கு முந்தியதாக இருக்க முடியாது. குப்பங்களில் பரணிலும் படகுக் கொட்டகையிலும் கிடக்கும் விளக்குகளை இப்படி வரிசைப்படுத்தி, செய்தவர் பேச்சோடு பதிவு செய்துவிட வேண்டும். செய்யத் தெரிந்தவர்கள் இன்னும் சிலராவது இருக்கும்போதே அது நடக்க வேண்டும்.