சாங்லி பேதாணா: நாலுக்கு ஒன்று

நம்ம வீட்டுப் பாயசத்தில் நெய்யில் உப்பி மிதக்கும் கிஸ்மிஸுக்கு, நான் பல வருடமாகக் குடியிருக்கும் சாங்லிப் பக்கத்தில் பெயர் ‘பேதாணா’. பாரசீகத்தில் ‘பே’ என்றால் இல்லாத. ‘தானா’ என்றால் விதை. விதையில்லாதது என்று பொருள். சரக்கு வந்த திசையைப் பெயரே காட்டுகிறது. 1892-இல் தாகூர் எழுதிய ‘காபூலிவாலா’வில் குழந்தை மினிக்கு ஆப்கானிய வியாபாரி தருவதும் பாதாமும் உலர் திராட்சையும்தான்.

அந்தச் சரக்கு பின்னாளில் கிருஷ்ணா நதிப் பக்கத்திலேயே விளைய ஆரம்பித்தது. தாம்சன் சீட்லெஸ் கொடியிலிருந்து தாஸ்காவ் விவசாயிகள் தேர்ந்தெடுத்த ரகம் ‘தாஸ்-ஏ-கணேஷ்’. ஊர்ப் பெயர் அதிலேயே இருக்கிறது. 1960-இல் மகாராஷ்டிர திராட்சை விவசாயிகள் சங்கம் தோன்றியது. 1997-இல் புணே அருகே மத்திய அரசின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் வந்தது.

உலர்த்தும் முறை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. பொட்டாசியம் கார்பனேட்டும் எத்தில் ஓலியேட் எண்ணெயும் கலந்த நீரில் குலைகளை முக்குவார்கள். தோல்மேல் உள்ள மெழுகுப் பூச்சு இளகி ஈரம் சீக்கிரம் வெளியேறும். பிறகு நிழல் பந்தலில் வலைத்தட்டுகளில் சுமார் 2 வாரம் காய வேண்டும்.

இனிக் கணக்கைப் பார்ப்போம். எங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் தாத்யா சொல்வார்: “நாலு கிலோ போட்டா ஒரு கிலோ வரும். ஆனா சர்க்கரை ஏறியிருக்கணும்!” அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. காய்ந்த பழத்தில் ஈரம் சுமார் 15 சதவீதம்தான். பழத்தில் சர்க்கரை 22 பிரிக்ஸ் இருந்தால் ஏக்கருக்கு 10 டன் பறிப்பவருக்குச் சுமார் 2.6 டன் பேதாணா. 18 பிரிக்ஸிலேயே பறித்தால் 2.1 டன்தான். அரை டன் போச்சு!

அப்படியானால் காத்திருக்கலாமே என்று கேட்கலாம். காத்திருந்தால் மழை வரும். ஒரு மார்ச்சில் தாத்யாவின் பந்தலில் சாரல் புகுந்து, பச்சையாக வர வேண்டிய சரக்கு கறுத்துப்போனது. ஏலத்தில் விலை பாதிக்கும் கீழே இறங்கியது. மகள் கல்யாணத்தை ஒரு வருடம் தள்ளிப் போட்டார். 2009 நவம்பர் மழையில் பூக்கும் பருவத்திலேயே அடிச்சாம்பல் நோய் வந்து எத்தனையோ தோட்டங்கள் நாசமாயின.

இத்தனை இருந்தும் ஏன் உலர்த்துகிறார்கள்? பச்சைப் பழம் சில நாளில் அழுகிவிடும். வியாபாரி சொன்னதே விலை. பேதாணா குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் காத்திருக்கும். ஆனால் கிடங்கு வாடகையும் கடன் வட்டியும் தூங்குவதில்லை. “பழம் காயறதுக்குள்ள நாம காஞ்சுடறோம்” என்பார் தாத்யா, சிரித்துக்கொண்டே.

நம் கம்பம் பன்னீர் திராட்சையில் விதை உண்டு. அதனால் அது பேதாணா ஆகவில்லை. சாங்லி உலர் திராட்சைக்கு 2016-இலும், கம்பத்துப் பழத்துக்கு 2023-இலும் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டு ஊருக்கும் சொந்தம் கொண்டாடும் எனக்கு இரட்டை மகிழ்ச்சி. அடுத்த பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கலில் கிஸ்மிஸ் போடும்போது குழந்தைகளுக்கும் இந்த நாலுக்கு ஒன்று கணக்கைச் சொல்லுங்கள்.