கோலத்துக்கு இலக்கணம் பிறந்த கதை

பொங்கல் நெருங்கினால் சிங்கப்பூரின் தேக்காக் கடைகளில் ஸ்டிக்கர் கோலம் கிடைக்கும். வீவக வீட்டு நடைவழியில் மாவு சிந்தாது, வசதிதான். ஆனால் கோலம் வெறும் படமல்ல, பெருகத் தெரிந்த விதி. ஐந்து புள்ளிக் கோலம் கைவந்த பாட்டி, வாசல் பெரிதானால் அதையே ஒன்பது புள்ளிக்கு வளர்த்துவிடுவார். ஸ்டிக்கர் வளராது.

அந்த விதியை எழுத்தில் பிடித்தவர்கள் தாம்பரத்தில் இருந்தார்கள். சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, அவர் மனைவி ராணி சிரோமணி, உடன் கமலா கிருத்திவாசன். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல் படத்துக்கும் இருக்க முடியும் என்று 1972-ல் மூவரும் காட்டினார்கள். முதலில் குறுக்காக ஒரு வரி எழுத்துகள். பிறகு அந்த எழுத்துகள் எல்லாம் ஒரே நேரத்தில் தத்தமக்குக் கீழே அடுத்த எழுத்தை இடும். படம் வரிவரியாக இறங்கி வரும். 1974-ல் வந்த கட்டுரையில் கோலத்தைத் தலைப்பிலேயே வைத்தார்கள். அடுப்படிக் கலை என்று ஒதுக்கப்பட்ட ஒன்றை, கணினியியலின் கேள்வியாக உலக ஆய்விதழில் நிறுத்திய துணிவு அது.

இதே காலத்தில் வேறொரு ஓடையும் ஓடியது. ஹங்கேரியில் பிறந்த உயிரியலாளர் அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968-ல், இழைபோல் வளரும் உயிரணு வரிசையைக் கணக்காக்கினார். பக்கத்து அணுவின் நிலையைப் பார்த்து ஒவ்வோர் அணுவும் மாறும், பிரியும். தாம்பரத்தார் அதையும் எடுத்துக்கொண்டார்கள். 1980-களில் கிருஷ்ணன் கொலுசு என்ற கோலம் அந்த முறையில் கணினித் திரைக்கு வந்தது. அதன் விதி ஒரே வரி: ஒவ்வொரு படியிலும் ஒரு குறி இருந்த இடத்தில் பல குறிகள் கொண்ட ஒரு தொடர்.

உயிரணுக்களுக்குப் பதில் கருப்பு, வெள்ளைக் கட்டங்கள்; அவை பிரியாமல், தம்மையும் இரு பக்கத்துக் கட்டங்களையும் மட்டும் பார்த்து மாறினால்? அதற்கு 256 விதிகள் உண்டு. 1983-ல் ஸ்டீபன் வொல்ஃப்ராம் அவற்றுக்கு எண் கொடுத்து ஆராய்ந்தார். 30-ஆம் விதி ஒற்றைக் கருப்புக் கட்டத்திலிருந்து ஒழுங்கற்றுச் சிதறும். எனக்குப் பிடித்தது 90. மேல்வரியில் இடம், வலம் இரண்டில் ஒன்று மட்டும் கருப்பானால் கீழே கருப்பு, இல்லையேல் வெள்ளை. முதல் வரியில் ஒற்றைக் கருப்பு வைத்தால் முக்கோணத்துக்குள் முக்கோணமாக விரியும். புளோக்கின் கீழ்த்தளத்தில் சுண்ணக்கட்டியால் கட்டம் போட்டுப் பிள்ளைகளிடம் விடலாம். எட்டாம் வரியில் எட்டுக் கருப்பு வரும்; ஒன்பதாம் வரியில் இரண்டே இரண்டு, இரு ஓரங்களில்.