தங்கச்சிமடத்தின் ஐந்து வீடுகள்

இந்த எபிசோடுக்கு ஒரு தேதியில இருந்து ஆரம்பிக்கலாம். 2014 அக்டோபர் 30, வியாழக்கிழமை. கொழும்பு உயர் நீதிமன்றத்தில் அன்றைக்கு எட்டுப் பேருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. போதைப்பொருள் கடத்தினார்கள் என்பது வழக்கு. எட்டில் ஐந்து பேர் தங்கச்சிமடம் மீனவர்கள். மற்ற மூன்று பேர் இலங்கைக்காரர்கள். அந்த மூன்று பேரைக் கொஞ்சம் மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி வருவாங்க.

ஐந்து பேரும் பிடிபட்டது 2011 நவம்பர் 28. அதாவது தீர்ப்பு வரும்போதே கிட்டத்தட்ட மூன்று வருஷம் உள்ளே இருந்திருக்கிறார்கள். மீன் பிடிக்கப் போனவங்க, பொய் வழக்குன்னு குடும்பங்கள் முதல் நாளில் இருந்தே சொல்லிக்கிட்டு இருந்தன. அவர்கள் பெயர்கள் அப்போது எல்லாப் பேப்பரிலும் வந்தன. நான் இங்கே சொல்லப்போவதில்லை. ஊர் திரும்பி, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு இருப்பவர்கள், அவங்க பாட்டுக்கு இருக்கட்டும். எனக்குப் பேச வேண்டியது அந்த மூன்று வருஷம் இந்தக் கரையில் இருந்த ஐந்து வீடுகளைப் பற்றி.

முதலில் ஊர். கலாம் நினைவிடம் பார்க்க ராமேஸ்வரம் போனவங்க எல்லாரும் தங்கச்சிமடத்தைத் தாண்டித்தான் போயிருப்பீங்க. பாம்பன் பாலம் இறங்கினதும் அக்காள்மடம், அப்புறம் தங்கச்சிமடம், அதுக்கு அப்புறம்தான் பேக்கரும்பு. ராமேஸ்வரம்னா ராமநாதசுவாமி கோயில்னுதான் நமக்குப் பதிஞ்சிருக்கு. ஆனா அதே தீவில் பாம்பன், தங்கச்சிமடம், வேர்க்கோடு என்று கத்தோலிக்க மீனவர் குடியிருப்புகள் வரிசையாக இருக்கின்றன. இங்கே ஒருத்தர் "கோயிலுக்குப் போறேன்"னு சொன்னா அது சர்ச்சாக இருக்கலாம். பங்குத்தந்தையை "சாமி"ன்னு கூப்பிடுவாங்க. நகரத்தில் பிறந்து வளர்ந்த என் மாதிரி ஆளுக்கு இது புரியவே கொஞ்ச நேரம் ஆகும்.

தீர்ப்பு வந்த அன்றைக்கு ஊர் வெடித்தது. ஒரு பஸ் எரிந்தது, ரயில் தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். அந்தத் தீவுக்குள் போக ஒரு ரோடு, ஒரு ரயில் பாதை, அவ்வளவுதான். இரண்டும் தங்கச்சிமடம் வழியாகத்தான் போகும். அங்கே உட்கார்ந்தால் ராமேஸ்வரமே நின்றுவிடும். செய்தியில் நாம் பார்த்தது இந்தக் கோபத்தைத்தான். பஸ் எரிஞ்சதை நியாயப்படுத்த நான் வரல. ஆனா கேமரா வருவதற்கு முன்னாடி மூன்று வருஷம் என்ன நடந்தது என்பதுதான் இந்தக் கதையில் எனக்குப் பெரிய விஷயம்.

மீனவர் வீட்டுப் பொருளாதாரம் எப்படி ஓடுதுன்னு தெரிஞ்சாதான் இது புரியும். பாக் நீரிணையில் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போக முடியும், மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு. மீன்துறை டோக்கன் கொடுக்கும். படகில் போகிறவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சியதில் பங்கு. பாடு இல்லைன்னா பங்கும் இல்லை. பாதிப் பேருக்கு மேல் படகு முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள். ஆக, ஒருத்தர் கைதான அன்றைக்கே அந்த வீட்டுக்கு வருமானம் நின்றுவிடும், கடன் மட்டும் நிற்காது.

பெரும்பாலான கைதுகள் இப்படித்தான் போகும்: இரவு இலங்கைக் கடற்படை பிடிக்கும். பக்கத்துப் படகுக்காரர் மூலமாக விடியும் முன்னாடியே செய்தி கரைக்கு வந்துவிடும். ஊர்காவற்றுறை அல்லது மன்னார் நீதிமன்றம், யாழ்ப்பாணம் அல்லது வவுனியா சிறை. காவல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீட்டிக்கப்படும். சில வாரமோ சில மாதமோ கழித்து விடுதலை. மனைவிக்கு இது நாள் எண்ணுகிற வேலை. அடுத்த வாய்தா எப்போன்னு காலண்டரில் குறித்து வைக்கலாம். அந்த ஐந்து வீடுகளுக்கு அந்தக் காலண்டர்கூட இல்லை. வழக்கு கொழும்பில், விசாரணை எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. புருஷன் உயிரோட இருக்கார், அதனால விதவை உதவித்தொகைக்கு வழியில்லை. ஆனா வீட்டில் இல்லை, அதனால அவர் கையெழுத்து தேவைப்படுகிற எந்த வேலையும் நடக்காது.

சிறையில் இருக்கும் மீனவர் குடும்பத்துக்குத் தமிழ்நாடு அரசு தினப்படி கொடுக்கிறது. நாளுக்கு 250 ரூபாயாக இருந்தது, பிறகு 350 ஆனது. அரிசி பருப்புக்கு ஆகும். ஸ்கூல் ஃபீஸ், வட்டி, ஆஸ்பத்திரின்னு வரும்போது பத்தாது. அந்த இடைவெளியைப் பெண்கள் கருவாடு காயப்போட்டு, மீன் விற்று, கடலில் இறங்கிப் பாசி எடுத்துச் சமாளிக்கிறார்கள். இல்லைன்னா ஊர் சமாளிக்கிறது.

ஊர் எப்படிச் சமாளிக்கும்? இங்கேதான் கோயில் வருகிறது. 'விசுவாசம் ஆறுதல் தந்தது' என்று ஒரு வரியில் முடித்துவிடுவது ரொம்ப சுலபம். நான் அதை ஒரு உள்கட்டமைப்பாகப் பார்க்கிறேன். கோயிலுக்கு மணி இருக்கு, ஊரைக் கூட்டலாம். வளாகம் இருக்கு, பந்தல் போட்டு உட்காரலாம். மைக் இருக்கு. கலெக்டரிடமும் ஆயரிடமும் பேசத் தெரிந்த ஒரு பங்குத்தந்தை இருக்கிறார். முக்கியமாக, அங்கே தினமும் சாயங்காலம் எப்படியும் ஆட்கள் வருவார்கள். புருஷன் ஜெயிலில் இருக்கிற ஒரு பெண் தனியாகக் காரணம் சொல்லாமல் போய் உட்காரக்கூடிய ஒரே பொது இடம் அது. டீக்கடை ஆண்களுக்கானது. மீனவர் சங்கமும் ஆண்களுடையது, அதுவும் படகு முதலாளிகளின் சங்கம்.

2017 மார்ச் 6 அன்று கடலில் தங்கச்சிமடத்து இளைஞர் ஒருவர் சுடப்பட்டு இறந்தபோதும் ஊர் கூடி ஒரு வாரம் போராடியது தேவாலய வளாகத்தில்தான். மத்திய அமைச்சர்கள் வந்து பேசியதும் அங்கேதான். ராமேஸ்வரம் தீவில் பிடிபடுகிறவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்கள் இல்லை. இந்து, முஸ்லிம் மீனவர்களும் அதே படகில் போகிறார்கள், அதே சிறையில் இருக்கிறார்கள். அந்தப் பந்தலில் அவங்க வீட்டுப் பெண்களுக்கும் இடம் உண்டு.

இந்தக் கரையின் புனிதர்களில் மக்களுக்கு ரொம்ப நெருக்கமானவர் அந்தோணியார். தொலைந்ததைத் திரும்பக் கொண்டுவந்து தருவார் என்பது நம்பிக்கை. செவ்வாய்க்கிழமை அவருக்கான நாள். சாவி தொலைந்தால் வேண்டிக்கொள்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீங்க. இங்கே ஆளே தொலைந்திருக்கிறார்.

ஒரு சின்ன விலகல். இந்த மாவட்டத்தின் கிறிஸ்தவ வரலாற்றில் மிகப் பிரபலமான சிறைவாசி போர்ச்சுகலில் இருந்து வந்த ஜான் டி பிரிட்டோ, நம்மாட்கள் மொழியில் அருளானந்தர். மறவர் அரச குடும்பத்தைச் சேர்ந்த தடியத் தேவர் 1693 ஜனவரியில் ஞானஸ்நானம் பெற்றார். ஒரு மனைவிதான் என்பது விதி, அதனால் மற்ற மனைவிகளை விலக்கினார். அதில் ஒருவர் சேதுபதியின் உறவுப் பெண். புகார் அரண்மனைக்குப் போனது, பிரிட்டோ கைதானார், ராமநாதபுரத்தில் அடைக்கப்பட்டார், பிறகு ஓரியூருக்குக் கொண்டுபோகப்பட்டு பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்டார். முந்தின நாள் சிறையில் இருந்து கடைசிக் கடிதம் எழுதினார், மை இல்லாததால் கரியைத் தொட்டு. 1947-இல் புனிதர் ஆனார். தங்கச்சிமடத்தில் பிரிட்டோ, அருளானந்தம்னு பேர் வைக்கிறது இதனால்தான். இந்தக் கதையை எத்தனையோ பிரசங்கத்தில் சொல்லியிருப்பாங்க. விலக்கப்பட்ட அந்த மனைவிகள் என்ன ஆனார்கள் என்பதை மட்டும் யாரும் பெரிசா கேட்டது இல்லை. சிறைக் கதைகளில் உள்ளே இருப்பவர் மேலதான் எப்பவும் வெளிச்சம்.

சரி, கொழும்புக்கு வருவோம். தீர்ப்புக்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மேல்முறையீட்டுக்குத் தமிழ்நாடு அரசு பணம் கொடுத்தது. பிரதமர் மோடி இலங்கை அதிபர் மஹிந்த ராஜபக்சவிடம் தொலைபேசியில் பேசினார். மேல்முறையீடு திரும்பப் பெறப்பட்டது. நவம்பர் 19 அன்று அதிபரின் பொதுமன்னிப்பு, அடுத்த இரண்டொரு நாளில் ஐந்து பேரும் ஊரில். மூன்று வருஷம் அசையாத விஷயம் மூன்று வாரத்தில் முடிந்தது! மன்னிப்பு வந்த மறுநாளே ராஜபக்ச அதிபர் தேர்தலை அறிவித்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்க. இலங்கையில் 1976-க்குப் பிறகு யாரையும் தூக்கில் போடவில்லை என்பது இன்னொரு விவரம். ஆனா 'போட மாட்டாங்க, பயப்படாதே'ன்னு ஒரு மனைவியிடம் யார் சொல்ல முடியும்?

இப்போ அந்த மூன்று பேர். ஒரே வழக்கு, ஒரே தீர்ப்பு, ஒரே தண்டனை. டெல்லி பேசியது ஐந்து இந்தியர்களுக்காக, நவம்பர் 19 அறிவிப்பும் அந்த ஐந்து பேருக்காகத்தான். அக்கரையிலும் மூன்று குடும்பங்கள் இருந்தன. நம்ம சேனல்களில் அன்றைக்கு ஓடிய பிளாஷ் நியூஸில் அவர்களுக்கு இடமே இல்லை.

இதை நான் இழுத்துக் கொண்டுவருவதற்குக் காரணம் இருக்கு. மன்னார், பேசாலை, யாழ்ப்பாணத் தீவுகள் எல்லாவற்றிலும் இருக்கிற மீனவர்களில் பெரும் பகுதி தமிழ் பேசும் கத்தோலிக்கர்கள். அதே அந்தோணியார், அதே செவ்வாய்க்கிழமை. போர்க் காலத்தில் கடலுக்கே போக முடியாமல் முடங்கிக் கிடந்தவர்கள். போர் முடிந்து வலை போட்டால், இங்கிருந்து போகிற இழுவைமடிப் படகுகள் அந்த வலையை அறுத்துக்கொண்டு போகின்றன. ஒரு ராத்திரியில் மொத்த முதலும் போன வீட்டிலும் ஒரு மனைவி உட்கார்ந்திருக்கிறாள். இலங்கை 2017-இல் இழுவைமடி மீன்பிடிப்பைச் சட்டம் போட்டுத் தடை செய்ததற்கு முக்கியமான காரணம் அந்த வடக்கு மீனவர்களின் குரல்தான். மறு வருஷம் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதம் கோடிக்கணக்கில் உயர்ந்தது.

இதைப் பேசித் தீர்க்க ஊருக்குள் முயற்சி நடக்காமல் இல்லை. 1990களின் பின்பாதியில் உருவான 'ஆரிஃப்', அதாவது அப்பாவி மீனவர்களின் விடுதலைக்கான கூட்டமைப்பு, பாம்பன் அருளானந்தம் தலைமையில் சிறைவாசிகளுக்காக இரண்டு பக்கமும் அலைந்தது. 2004 மே மாதம் தமிழக மீனவர் குழு ஒன்று இலங்கை போய் மன்னார், யாழ்ப்பாணம் மீனவர்களை நேருக்கு நேர் சந்தித்தது. பிடிபட்டவரை விடுவிக்க வேண்டும் என்பதில் அங்கே பெரிய சண்டை வரவில்லை. இழுவைமடியை எப்போ நிறுத்துவீங்க என்பதில்தான் பேச்சு சிக்கியது. இன்னைக்கும் அங்கேயேதான் நிற்கிறது. ஊர் தன் சிறைவாசிகளுக்காகத் திரளும்போது இந்தக் கேள்வியை ஓரமாக வைத்துவிடுகிறது என்பது என் அபிப்பிராயம். பந்தலில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் படகுக்குச் சொந்தக்காரர்கள் இல்லை, மடியை முடிவு செய்கிறவர்களும் இல்லை. ஜெயிலுக்குப் போவதும் பெரும்பாலும் முதலாளி இல்லை, கூலிக்குப் போகிறவர்தான்.

இரண்டு கரையும் சந்திக்கிற இடம் கச்சத்தீவு. ஆட்களே குடியிருக்காத தீவு, அதில் அந்தோணியார் கோயில். 1974 ஒப்பந்தத்தில் தீவு இலங்கைக்குப் போனாலும், இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் விசா இல்லாமல் போய்வரலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. போரில் பல வருஷம் நின்றுபோன திருவிழா போருக்குப் பிறகு மறுபடி நடக்க ஆரம்பித்தது. 2016 டிசம்பரில் இலங்கைக் கடற்படை கட்டிய புதுக் கோயில் திறக்கப்பட்டது. ராத்திரி படகைப் பிடிக்கிற அதே கடற்படைதான்!

2024 பிப்ரவரியில் இலங்கை நீதிமன்றம் விசைப்படகு ஓட்டுநர்களுக்கு ஆறு மாதச் சிறை விதித்தது. இரண்டாவது முறை பிடிபட்டவருக்கு ஒரு வருஷம். அதுவரை முதல் தடவைன்னா எச்சரித்து அனுப்பிவிடுவது வழக்கம். இனிமேல் அப்படி இல்லை என்பது எல்லா வீட்டுக்கும் புரிந்துவிட்டது. ராமேஸ்வரம் மீனவர்கள் அந்த வருஷக் கச்சத்தீவுத் திருவிழாவையே புறக்கணித்தார்கள். பெயர் கொடுத்து, அனுமதி வாங்கி, கிளம்பத் தயாராக இருந்தவர்களின் பயணம் நின்றது. நமக்கு இது இன்னொரு போராட்டச் செய்தி. அந்தக் கரைக்கு அப்படி இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை அந்தோணியாரைப் பார்க்கிற வாய்ப்பு அது. ஆளைத் திரும்பக் கேட்டு வேண்ட வேண்டிய இடத்துக்கே, ஆளைத் திரும்பக் கேட்டுப் போகாமல் இருந்தார்கள். அரசாங்கங்களுக்கு வலிக்கிற மாதிரி அவர்கள் கையில் வேறு எதுவும் இல்லை.

2025 மார்ச்சில் மறுபடி போனார்கள். தவக் காலம். வெள்ளிக்கிழமை கொடியேற்றம், சாயங்காலம் சிலுவைப் பாதை, ராத்திரி தேர். சனிக்கிழமை காலை திருப்பலி முடிந்ததும் கொடி இறங்கும். அதுக்கப்புறம் சோப்பு, பிஸ்கட், துணின்னு கொண்டுவந்ததைக் கொஞ்சம் கைமாற்றிக்கொண்டு, மதியத்துக்குள் படகுகள் ஆளுக்கொரு திசையில் கிளம்பிவிடும்.