நீலக் கடிதங்களைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடாதீர்கள்



இது கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் பாதியில் நழுவியவர்கள்கூட இதைக் கடைசி வரை படித்துவிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் திருச்செங்கோட்டில் ஒரு துக்கத்துக்குப் போயிருந்தேன். இறந்தவர் என் பழைய சகா. காரியமெல்லாம் முடிந்த பிறகு அவர் மகன் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மாமா, அப்பாவோட பழைய லெட்டருங்க. பேப்பர்காரருக்குப் போட்டுடலாங்களா?" என்று கேட்டான். திறந்து பார்த்தேன். உள்ளே அடுக்கடுக்காக நீல நிற ஏரோகிராம்கள், எத்தியோப்பியத் தபால் முத்திரையோடு. சிலவற்றில் என் கையெழுத்து.

உங்களில் பலர் என்னை ராசிபுரம் பக்கத்து இங்கிலீஷ் வாத்தியாராக மட்டுமே அறிவீர்கள். அதற்கு முன், 1972 முதல் 1977 வரை, எத்தியோப்பியாவில் ஜிம்மா என்ற ஊரில் ஆங்கிலம் கற்பித்தேன். இது என் கதை மட்டுமல்ல. ஒரு தலைமுறை ஆசிரியர்களின் கதை.

அந்த நாட்டுக்கு ஏன் வெளியிலிருந்து ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள்? 1936 முதல் 1941 வரை இத்தாலி அதை ஆக்கிரமித்திருந்தது. 1937 பிப்ரவரியில் இத்தாலிய ஆளுநர் கிராசியானியைக் கொல்ல ஒரு முயற்சி நடந்தது. அதற்குப் பழிவாங்கலாக நடந்த படுகொலையில் படித்த இளைஞர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். 1941இல் பேரரசர் ஹெய்லி செலாசி நாடு திரும்பியபோது பள்ளி திறக்க ஆசை இருந்தது, ஆள் இல்லை. போருக்கு முன் பிரெஞ்சு இருந்த இடத்துக்குப் போருக்குப் பின் ஆங்கிலம் வந்தது. உயர்நிலைப் பள்ளிப் பாடங்கள் ஆங்கிலத்திலேயே நடந்தன. அப்போதுதான் இந்திய ஆசிரியர்களைத் தேடி வந்தார்கள்.

இதற்கு ஒரு அழகான கதை சொல்வார்கள். பேரரசர் 1956இல் இந்தியா வந்தபோது, கேரளத்தில் பிள்ளைகள் சாரை சாரையாகப் பள்ளிக்குப் போவதைப் பார்த்து, "இந்த ஊர் ஆசிரியர்களே எனக்கு வேண்டும்" என்றாராம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் கணக்கு உதைக்கிறது. டாக்டரும் நாவலாசிரியருமான ஆபிரகாம் வர்கீஸ் 1955இல் அடிஸ் அபாபாவில் பிறந்தவர். அவருடைய பெற்றோர் கேரளத்திலிருந்து போன ஆசிரியர்கள். ஆக, அந்தப் பயணத்துக்கு முன்பே நம்மவர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். கதையைக் கேளுங்கள், தேதியையும் பாருங்கள். இதைத்தானே வகுப்பிலும் சொன்னேன்?

கேரளத்தவர்கள் அதிகம். தமிழ்நாட்டிலிருந்தும் நிறையப் பேர் போனோம். காட்டில் கேழ்வரகு விளையும் ஊரிலிருந்து போன எனக்கு, அந்தக் கேழ்வரகின் பிறந்த வீடே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலம்தான் என்று அங்கே போய்த்தான் தெரிந்தது. ஏற்காட்டில் 1820களில் கலெக்டர் காக்பர்ன் நட்ட காப்பிக்கும் மூதாதை எத்தியோப்பியக் காடுகளில்தான். அவர்களுடைய இஞ்சேரா, நம் புளித்த தோசைக்கு ஒன்றுவிட்ட தம்பி. கடிகாரமும் வேறு. பொழுது விடிவதிலிருந்து மணியை எண்ணுவார்கள். நம் காலை 7 மணி அவர்களுக்கு 1 மணி. முதல் வாரம் குழம்பினேன். எங்கள் பாட்டி நாழிகை எண்ணியதும் பொழுது கிளம்பியதிலிருந்துதானே என்று தோன்றியதும் பழகிவிட்டது.

அந்தப் பள்ளிகளில் அமெரிக்கப் பீஸ் கோர் தொண்டர்களும் இருந்தார்கள். 1962இல் முதல் குழு வந்தது, ஏறத்தாழ 300 பேர். அவர்களுடைய முதல் தலைவர் ஹாரிஸ் வோஃபோர்ட், காந்தியைப் படிக்க இந்தியா வந்தவர். பிள்ளைகள் என்னிடம் 'ஷெட்யூல்' என்றும் அடுத்த வகுப்பில் 'ஸ்கெட்ஜூல்' என்றும் சொல்லித் தப்பித்துக்கொண்டார்கள்.

சேலம் ஜில்லாக்காரர்கள் நாங்கள் பதினொரு பேர். (நாமக்கல் அப்போது தனி மாவட்டம் இல்லை; 1997இல்தான் ஆனது.) ஜிம்மா, கோண்டார், டெஸ்ஸி, ஹரார் என்று ஆளுக்கொரு மூலை. ஒரு ஊரிலிருந்து இன்னொன்றுக்குப் பஸ்ஸில் நாள்கணக்கு. போன் நினைத்தே பார்க்க முடியாது. ஆகவே ஒரு ஏற்பாடு செய்தோம். 40 பக்க நோட்டு ஒன்று தபாலில் சுற்றும். வந்ததும் நம் சேதியை எழுதி அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் குழந்தை, எந்தப் பாடத்தை எப்படி நடத்தினால் பிள்ளைகளுக்குப் புரிகிறது, ஊரில் மழை உண்டா, எல்லாம் அதில் இருக்கும். ஒரு சுற்று முடிய மூன்று மாதம் ஆகும். எங்கள் வாட்ஸ்அப் அதுதான்.

1974 செப்டம்பர் 12இல் பேரரசரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். ராணுவக் குழுவான தெர்க் ஆட்சிக்கு வந்தது. பல்கலைக்கழக மாணவர்களையும் மேல்வகுப்புப் பிள்ளைகளையும் ஆயிரக்கணக்கில் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். 1977, 78இல் மெங்கிஸ்து ஆட்சியின் 'சிவப்புப் பயங்கரம்'. வீடு வீடாகச் சோதனை. அதிகம் செத்தது இளைஞர்கள். நேற்று வரை என் முன்னால் உட்கார்ந்து வினைச்சொல் மாற்றிய வயதுப் பிள்ளைகள்.

எங்கள் நோட்டில் முதலில் மாணவர் பெயர்களை எழுதுவதை நிறுத்தினோம். பிறகு நோட்டே நின்றது. ஒவ்வொருவராக ஊர் திரும்பினோம். நான் கிளம்பியபோது கடைசி வரிசையில் இரண்டு இடம் காலி. "எங்கே?" என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மற்ற பிள்ளைகளுக்கு ஆபத்து என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மீதி பயம்.

நம் பகுதியிலிருந்து அடுத்த அலை நைஜீரியாவுக்குப் போனது. 1976இல் அங்கே அனைவருக்கும் தொடக்கக் கல்வித் திட்டம் தொடங்கியது. எண்ணெய்ப் பணம் இருந்தது, ஆசிரியர் போதவில்லை. 1986இல் நைராவின் மதிப்பு சரிந்ததும் அவர்களும் பெட்டி கட்டினார்கள். அவர்கள் வீட்டுப் பரண்களிலும் இதே போல் பெட்டிகள் இருக்கும்.

ஊர் வந்த பிறகு நாங்கள் ஒருவரையொருவர் விடவில்லை. ஆண்டுதோறும் ஜனவரி 7ஆம் தேதியை ஒட்டிச் சேலத்தில் ஒரு ஓட்டலில் கூடுவோம். அது எத்தியோப்பியக் கிறிஸ்துமஸ். "தேனா இஸ்திலிஞ்" என்று வணக்கம் சொல்லிக்கொள்வோம். 'கடவுள் உனக்கு நலம் தரட்டும்' என்று பொருள். சர்வர் எங்களைப் பார்த்துச் சிரிப்பார். பதினொன்று ஏழாகி, ஐந்தாகி, இப்போது இரண்டு பேர்.

இனி நான் இதை எழுதக் காரணமான விஷயம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், இறந்துபோன அந்தச் சகாவை ஃபேஸ்புக்கில் ஒருவர் தேடிக் கண்டுபிடித்தார். டெஸ்ஸியில் அவரிடம் படித்தவர். இன்று அமெரிக்காவில் தாத்தா. கேட்டது ஒன்றே ஒன்று: "சார், எங்கள் வகுப்புப் படம் உங்களிடம் இருக்கிறதா?" சோதனைக்குப் பயந்து 1977இல் அவர் அம்மா வீட்டிலிருந்த படம், புத்தகம் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டாராம். அந்தப் படத்தில் அவருடைய அண்ணன் இருக்கிறார். வீடு திரும்பாத அண்ணன். அவர் முகம் குடும்பத்தில் யாரிடமும் இல்லை.

படம் திருச்செங்கோட்டில், இதே தகரப் பெட்டியில் இருந்தது. பேரன் செல்போனில் படம் பிடித்து அனுப்பினான். மறுநாள் வந்த பதிலை என் சகா என்னிடம் படித்துக் காட்டவில்லை. போனைக் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

எங்களோடு வேலை பார்த்த அமெரிக்கர்களுக்கு 1979இலேயே தேசிய அளவில் ஒரு சங்கம் வந்துவிட்டது. அவர்களுடைய கடிதங்களும் நாட்குறிப்புகளும் பாஸ்டனில் கென்னடி நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அதே பள்ளியில், அதே கரும்பலகையில் எழுதிய நம்மவர்களின் தாள்கள் கிலோ கணக்கில் எடைக்குப் போகின்றன. அவர்கள் நம்மைவிடப் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. எடுத்து வைத்தார்கள், அவ்வளவுதான்.

ஆகவே கண்ணுகளா, உங்கள் தாத்தா, பெரியப்பா, அத்தை யாராவது எத்தியோப்பியா, நைஜீரியா, ஜாம்பியா என்று வாத்தியார் வேலைக்குப் போயிருந்தால், பெட்டியைத் திறந்து பாருங்கள். படத்தின் பின்பக்கம் ஊர், வருடம், தெரிந்த பெயர்களைப் பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறும். கடிதங்களைப் படம் பிடித்துக்கொண்டு, தாளையும் பத்திரமாக வையுங்கள். உயிரோடு இருப்பவர்களிடம் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள்.

திருச்செங்கோட்டுப் பெட்டி இப்போது என் வீட்டில் இருக்கிறது. அதில் எங்கள் சுற்று நோட்டு ஒன்று கிடைத்தது. கடைசியாக எழுதியிருப்பவர் கோண்டார் நண்பர். அடுத்து எழுத வேண்டிய முறை என்னுடையது. 46 பக்கமாக அது நீளாமல் 40க்குள்ளேயே நின்றுபோனது. இன்னும் ஒன்பது பக்கம் வெறுமையாக இருக்கிறது. என் மாணவர்களில் அந்தக் காலி இடங்களில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரின் பெயரை நேற்று அதில் எழுதினேன்.

தேனா இஸ்திலிஞ்.

உங்கள் இங்கிலீஷ் வாத்தியார்