படி ஏறியும் பல்ஸ் ஏறலைன்னா? சுகரும் இதயமும்: ஒரு குட்டி வரலாறு

1/ கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேல படிகள். மத்த மலைகள்ல முதல்ல ஏறுவோம், அப்புறம் இறங்குவோம். இங்க தலைகீழ். ஜாலியா இறங்கிக் குளிச்சுட்டு, களைச்ச பிறகுதான் ஏறணும்.

2/ ஏறும்போது நெஞ்சு படபடன்னு அடிக்கும். அது சரிதான், காலுக்கு ரத்தம் வேணும்ல? ஆனா பல வருஷமா சுகர் இருக்கிற சிலருக்குத் துடிப்பு போதுமான அளவு ஏறாது. ஏன்?

3/ 1845. வேகஸ் நரம்பைத் தூண்டினா இதயத் துடிப்பு குறையும்னு ஜெர்மனியின் வெபர் சகோதரர்கள் காட்டினாங்க. அதுதான் பிரேக். ஆக்சிலரேட்டருக்குத் தனி நரம்புகள் இருக்கு. நாம ஏற ஆரம்பிச்சதும் முதல்ல பிரேக் விடுபடும், அப்புறம் ஆக்சிலரேட்டர் அழுத்தப்படும்.

4/ 1973. லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையின் வீலரும் வாட்கின்ஸும் ஒண்ணு கவனிச்சாங்க. மூச்சை ஆழமா இழுத்தா துடிப்பு கூடும், விட்டா குறையும். சுகரால் நரம்பு கெட்டவங்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் காணாமப் போயிருந்தது.

5/ அடுத்து எடின்பரோவில் ஈவிங், கிளார்க் குழு. ஆழ்ந்து மூச்சு விடுறது, படுத்து எழுந்து நிக்கிறது, கையை இறுக்கிப் பிடிக்கிறதுன்னு ஊசியே இல்லாத எளிய சோதனைகள். 73 நோயாளிகளை 5 வருஷம் கவனிச்சு 1980ல் வெளியிட்டாங்க. சோதனையில் கோளாறு இருந்தவங்கள்ல பாதிக்கு மேல இறந்திருந்தாங்க. பலருக்குக் காரணம் சிறுநீரகச் செயலிழப்பு. சிலருக்குத் திடீர் மரணம்.

6/ பொதுவா முதல்ல கெடுவது பிரேக். அதனால சும்மா உட்கார்ந்திருக்கும்போதே பல்ஸ் 90, 100. பிறகு ஆக்சிலரேட்டரும் கெட்டா, படி ஏறினாலும் பல்ஸ் ஏறாது. அதைவிட ஆபத்து, வலியைச் சொல்லும் நரம்பும் மரத்துப் போகலாம். மாரடைப்பு வந்தாலும் நெஞ்சு வலிக்காது. மூச்சுத்திணறல், வியர்வை, அசதி மட்டும்தான்.

7/ "220லிருந்து வயசைக் கழி" கணக்கு 1971ல் ஃபாக்ஸ் குழு பழைய ஆய்வுகளைப் பார்த்துப் போட்ட ஒரு தோராயக் கோடு. நரம்பு கெட்டவங்களுக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கும் அது பொருந்தாது. "படி ஏறியும் வாட்ச்ல 105தான், நான் செம ஃபிட்"னு நினைச்சுடாதீங்க.

8/ அப்போ போகக்கூடாதா? தாராளமா போங்க, சுகருக்கு உடற்பயிற்சியும் மருந்துதான். ஆனா 10 வருஷத்துக்கு மேல சுகர் இருந்தா, எழுந்து நின்னா தலை சுத்தினா, கிளம்பும் முன்னாடி ஒரு இசிஜி எடுத்துடுங்க. படுத்தும் நின்னும் பிபி பார்க்கச் சொல்லுங்க. அரசு மருத்துவமனையிலேயே ரெண்டையும் பார்த்துக்கலாம்.

9/ படியில் வாட்சை நம்பாம பேச்சை நம்புங்க. பக்கத்துல வர்றவர்கிட்ட ஒரு வாக்கியம் முழுசா பேச முடியலைன்னா உட்காருங்க. கை நடுங்கி வியர்த்தா உடனே சர்க்கரை வாயில போடுங்க. உட்கார்ந்தும் மூச்சு அடங்கலைன்னா, நெஞ்சு வலி இல்லாட்டாலும் 108.

10/ பாதிப் படியிலேயே களைச்சுட்டா அங்கேயே திரும்பிடுங்க. இறங்கின ஒவ்வொரு படியையும் ஏறியாகணும். அருவி எங்கேயும் போயிடாது.