சீட்டுக்கட்டின் சாட்சி

ஒரு சீட்டுக்கட்டில் மொத்தம் எத்தனை புள்ளிகள் என்று ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். வேலை வெட்டி இல்லாமல் செய்ததல்ல. ஒரு பாட்டு அப்படி எண்ண வைத்தது. ஏஸ் ஒன்று, ஜாக்கி பதினொன்று, ராணி பன்னிரண்டு, ராஜா பதிமூன்று என்று வைத்துக்கொண்டால் ஒரு ரகத்துக்கு 91 புள்ளிகள். நாலு ரகத்துக்கும் சேர்த்து 364. பாட்டில் வரும் சிப்பாய் 365 என்கிறான், வருஷத்துக்கு எத்தனை நாளோ அத்தனை என்று. ஒன்று குறைகிறது. ஜோக்கரைச் சேர்த்தால்தான் கணக்கு நேராகும்.

பாட்டின் பெயர் 'டெக் ஆஃப் கார்ட்ஸ்'. பாட்டு என்பதை விடப் பின்னணி இசையோடு சொல்லப்படும் கதை என்பதே சரி. இரண்டாம் உலகப்போர்க் காலம். தேவாலயத்தில் மற்ற சிப்பாய்கள் ஜெபப் புத்தகத்தைத் திறக்க, ஒருவன் மட்டும் சீட்டுக்கட்டைப் பரப்பி வைக்கிறான். அதிகாரி முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். அவன் சீட்டு சீட்டாக விளக்கம் சொல்கிறான். ஏஸ் ஒரே கடவுள், இரண்டு பைபிளின் இரு பாகங்கள், மூன்று திரித்துவம், படச்சீட்டு பன்னிரண்டும் மாதங்கள், ஐம்பத்திரண்டும் வாரங்கள். கடைசியில் கதைசொல்லி அந்தச் சிப்பாய் நான்தான் என்கிறார். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலேயே புழங்கிய கதை இது. 1948-இல் டி. டெக்சஸ் டைலர் அமெரிக்காவில் இதைப் பிரபலமாக்கினார். 1959-இல் மீண்டும் பதிவு செய்து, பில்போர்டு பட்டியலில் ஏழாம் இடம்வரை கொண்டுபோனவர் விங்க் மார்ட்டின்டேல். டென்னசியில் 1933-இல் பிறந்தவர். 'நான்தான் அந்தச் சிப்பாய்' என்று தேன் குழைத்த குரலில் அவர் சொன்னபோது வயது 25. போர் முடிந்தபோது அவர் பள்ளிக்கூடப் பையன்.

யாரும் கேட்கவில்லை. கேட்கவும் தேவையில்லை, கதை கதைதானே. ஆனால் அந்தப் பாட்டு ஏறிக்கொண்டிருந்த அதே இலையுதிர் காலத்தில்தான் அமெரிக்காவில் வேறு சிலரைப் பார்த்து நாடே 'நிஜமாத்தானா?' என்று கேட்டுக்கொண்டிருந்தது.

'ட்வென்டி ஒன்' வினாடி வினாவின் ஊழலைப் பற்றி ராபர்ட் ரெட்ஃபோர்டின் 'குவிஸ் ஷோ' படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். படத்தில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அந்த நிகழ்ச்சியின் அடிப்படையே சீட்டாட்டம்தான். நாம் இருபத்தொண்ணு என்று ஆடுகிற ஆட்டம். இரண்டு போட்டியாளர்கள் ஆளுக்கொரு கண்ணாடிக் கூண்டில் நிற்பார்கள். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காது. தலைப்பை அறிவித்ததும், ஒன்றிலிருந்து பதினொன்றுக்குள் எத்தனை புள்ளிக்கான கேள்வி வேண்டும் என்று போட்டியாளரே கேட்டு வாங்கவேண்டும். பதினொன்றுதான் ஆகக் கடினம். முதலில் 21 எடுப்பவர் வெற்றி. ஏஸின் ஒன்றும் பதினொன்றும் அப்படியே இருக்கின்றன. சீட்டுக்கட்டு மட்டும் இல்லை.

சிக்கலே அதில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சீட்டாட்டத்தில் அடுத்து என்ன விழும் என்று எவருக்கும் தெரியாது. 'ட்வென்டி ஒன்'னில் எண்ணைத் தேர்ந்தெடுப்பது மனிதன். அவனுக்கு விடையைச் சொல்லிக்கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. எந்த எண்ணைக் கேட்கவேண்டும், எங்கே தயங்கவேண்டும், எப்போது நெற்றி வியர்வையைத் துடைக்கவேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்துவிட்டால் நாடகம் தயார். 1956 செப்டம்பரில் முதல் நிகழ்ச்சியை நேர்மையாகத்தான் நடத்திப் பார்த்தார்கள். இருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை, நிகழ்ச்சி படுத்துவிட்டது. விளம்பரதாரர் கத்தினார். அதற்குப் பிறகு எல்லாம் ஒத்திகைதான். அந்த டிசம்பரில் ஹெர்பர்ட் ஸ்டெம்பல் தனக்கு நன்றாகத் தெரிந்த கேள்விக்குத் தப்பான விடை சொல்லித் தோற்க வேண்டியிருந்தது. 1955-இன் சிறந்த படம் எது என்பது கேள்வி. 'மார்ட்டி' என்பது விடை. அவரை வென்ற சார்லஸ் வான் டோரன், கொலம்பியா பல்கலைக்கழக ஆங்கில ஆசிரியர், 1,29,000 டாலர் ஜெயித்தார். ஆளைப் பார்த்தா நம்பலாம்னு தோணும். நம்பினாங்க. 1959 நவம்பர் 2 அன்று வாஷிங்டனில் நாடாளுமன்றத் துணைக்குழு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

வினாடி வினாவை விசாரித்த அதே ஓரன் ஹாரிஸ் துணைக்குழுதான் அடுத்து இசைப்பக்கம் திரும்பியது. வானொலியில் எந்தத் தட்டைச் சுழற்றுவது என்பதற்குக் கம்பெனிகள் காசு கொடுக்கின்றன, 'ஹிட்' என்பதே விலைக்கு வாங்கியதுதான் என்ற புகார். பேயோலா என்று அதற்குப் பெயர். ஆலன் ஃப்ரீட் வேலையை இழந்தார். 1960-இல் டிக் கிளார்க் சாட்சி சொன்னார், தப்பினார். ஆக, தெரிந்து சொன்ன விடையும் பொய், பிடித்துக் கேட்ட பாட்டும் பொய். அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த சட்டத்திருத்தம் இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியது. வினாடி வினாவில் திருட்டுத்தனம் செய்வது அதுவரை குற்றமே இல்லை என்பது இன்று படிக்கும்போது வேடிக்கையாக இருக்கிறது. பொய்ச் சாட்சி சொன்னதற்காகத்தான் வழக்குப் போட முடிந்தது.

இந்த வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனவற்றில் 'நேம் தட் ட்யூன்' ஒன்று. மெட்டை வாசிப்பார்கள், கண்டுபிடித்தவர் ஓடிப்போய் மணியை அடிக்கவேண்டும். 1957-இல் ஜான் கிளென் என்ற விமானி, எடி ஹாட்ஜஸ் என்ற சிறுவனோடு சேர்ந்து 25,000 டாலரைப் பங்குபோட்டுக்கொண்டது இங்கேதான். பிற்பாடு பூமியைச் சுற்றி வந்த அதே கிளென். 1959 அக்டோபரில் சிபிஎஸ் பெரிய பரிசு நிகழ்ச்சிகளை ஒழித்துக்கட்டியபோது இதுவும் போனது. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. பாட்டைக் கண்டுபிடிப்பதற்குக் கொலம்பியா பட்டம் வேண்டாம். சமையல்கட்டில் வானொலி கேட்டுக்கொண்டிருந்தவருக்கு வான் டோரனுக்குச் சமமான உரிமை அதில் இருந்தது. வீட்டில் உட்கார்ந்தபடியே 'எனக்குத் தெரியும்' என்று கத்தலாம்.

இதற்கு இன்னொரு முன்கதை இருக்கிறது. 'நேம் தட் ட்யூன்' உருவாக்கிய ஹாரி சால்ட்டர் அதற்கு முன் 1948-இல் 'ஸ்டாப் த மியூசிக்' என்ற வானொலி நிகழ்ச்சியின் இசைக்குழுவை நடத்தினார். ஏதோ ஒரு வீட்டுக்குத் தொலைபேசி போகும், எடுத்தவர் ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் பெயரைச் சொன்னால் பரிசு. இது லாட்டரி என்று ஒலிபரப்பு ஆணையம் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1954-இல் ஏர்ல் வாரன் எழுதிய தீர்ப்பு சுருக்கமானது. லாட்டரிக்குப் பரிசு வேண்டும், அதிர்ஷ்டம் வேண்டும், ஆடுபவன் ஏதாவது விலை கொடுக்கவும் வேண்டும். வீட்டில் உட்கார்ந்து கேட்பது விலை ஆகாது. எனவே சூதல்ல. சூது என்று கூண்டில் ஏறியது சீட்டாட்டம் இல்லை, பாட்டுப் போட்டி!

மார்ட்டின்டேலுக்கு வருவோம். மெம்பிஸ் நகர வானொலியில் வளர்ந்தவர். 1954-இல் எல்விஸ் பிரெஸ்லியின் முதல் தட்டு ஒலித்த இரவில் அந்த நிலையத்தில் இருந்தவர். அவர் உடம்பெல்லாம் இசைதான். 1964-இல் என்பிசியில் அவருக்குக் கிடைத்த முதல் போட்டி நிகழ்ச்சி 'வாட்ஸ் திஸ் சாங்', பாட்டைக் கண்டுபிடித்துப் பாடிக்காட்டும் ஆட்டம். ஒரு வருஷம்கூட ஓடவில்லை. 1970-இல் 'வேர்ட்ஸ் அண்ட் மியூசிக்', பாட்டு வரிகளில் ஒளிந்திருக்கும் சொல்லைப் பிடிக்கும் ஆட்டம். அதுவும் அற்பாயுசு. இசைக்காரரை இசை காப்பாற்றவில்லை. சீட்டுக்கட்டுதான் காப்பாற்றியது, இரண்டு தடவை.

1972 செப்டம்பர் 4, திங்கட்கிழமை காலை. பகல்நேரப் போட்டிகளைக் கைவிட்டிருந்த சிபிஎஸ் ஒரே நாளில் மூன்று நிகழ்ச்சிகளைக் களமிறக்கியது. பத்து மணிக்கு 'த ஜோக்கர்ஸ் வைல்ட்'. நடுவில் ஒரு சூதாட்ட இயந்திரம், அதன் சக்கரங்கள் சுழன்று நின்றால் கேள்வி. நடத்தியவர் ஜாக் பேரி, 'ட்வென்டி ஒன்' ஊழலோடு மண்ணைக் கவ்விய அதே ஜாக் பேரி. பத்தரைக்கு 'த பிரைஸ் இஸ் ரைட்', அது இன்றுவரை ஓடுகிறது. பதினொரு மணிக்கு 'கேம்பிட்', மார்ட்டின்டேலோடு.

'கேம்பிட்' இருபத்தொண்ணேதான், இந்தமுறை நிஜக் கட்டோடு. இரண்டு தம்பதிகள். கேள்விக்குச் சரியாக விடை சொன்ன ஜோடிக்கு அடுத்த சீட்டின்மேல் உரிமை. வைத்துக்கொள்ளலாம், எதிராளி தலையில் கட்டலாம், 'போதும்' என்று உறைந்தும் நிற்கலாம். இருபத்தொன்றைத் தாண்டினால் அவுட். சரியாக 21 வந்தால் தனிப் பரிசு. சீட்டைப் போடுபவர் எலைன் ஸ்டுவர்ட், பழைய ஹாலிவுட் நடிகை. சீட்டுகள் பெரியவை, கேமராவுக்குத் தெளிவாகத் தெரியும்.

பழைய பதிவுகளைப் பார்க்கையில் எனக்குப் பிடிபட்ட சங்கதி இதுதான். கேள்விகள் எளிது. விடை தெரிந்தவருக்கு யாரும் கைதட்டி வியப்பதில்லை. அரங்கம் மூச்சைப் பிடிப்பது சீட்டு திரும்பும் அந்தக் கணத்தில்தான். பதினைந்தில் நிற்கும் ஜோடி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறது. கணவன் 'வாங்கிக்கலாம்' என்கிறான், மனைவி 'தள்ளிவிடு' என்கிறாள். அவர்கள் முகத்தில் இருப்பது ஒத்திகை இல்லை. சீட்டுக்கு யாரும் விடை சொல்லிக்கொடுக்க முடியாது, நெற்றியைத் துடைக்கப் பயிற்சி தரமுடியாது. எங்கள் ஊர்ப்பக்கம் சீட்டுக்கட்டை வீட்டுக்குள் நுழையவிட மாட்டார்கள். அந்தச் சூதாடிச் சாமான்தான் இங்கே யோக்கியத்துக்குச் சாட்சி.

விலையும் இல்லாமல் இல்லை. 'ட்வென்டி ஒன்' பொய்யாக இருந்தாலும், தெரிந்துவைத்திருப்பது ஒரு பெருமை என்று பாசாங்காவது செய்தது. 'கேம்பிட்'டில் அறிவு என்பது சீட்டைத் தொட வாங்கும் நுழைவுச்சீட்டு, அவ்வளவுதான். நன்றாகத் தெரிந்தவன் தோற்கலாம், அதில் தவறும் இல்லை. நேர்மையைக் காப்பாற்ற அறிவைக் கீழே இறக்கினார்கள் என்றே சொல்வேன். என்னைக் கேட்டால் மணியடிக்க ஓடிய அந்தப் பாட்டுப் போட்டியையே காப்பாற்றியிருக்கலாம். ஆனால் 1976 டிசம்பர் வரை நாலு வருஷத்துக்கு மேல் ஓடியது 'கேம்பிட்'தான்.

1978-இல் மார்ட்டின்டேல் 'டிக் டாக் டோ' நடத்தப் போனார். பேரி-என்ரைட் கூட்டாளிகள் ஐம்பதுகளில் தில்லுமுல்லு செய்த நிகழ்ச்சிகளில் அதுவும் ஒன்று. அதே கூட்டாளிகள்தான் மறுபடி எடுத்தார்கள். பழைய கதை தெரிந்தவர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். மார்ட்டின்டேல் 2025 ஏப்ரலில், 91 வயதில் காலமானார். அன்றிரவு அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்டேன். சிப்பாய் 365 என்றான். அவனை நிறுத்தி வைத்த அந்த அதிகாரியும் எண்ணிப் பார்க்காமலேயே விட்டுவிட்டார்.