மீயொலிக் கருவிகளில் காரீயத்துக்கு மாற்று: வெப்பத்தைத் தாங்குவதே முக்கியச் சோதனை

பற்காரையை அகற்றும் மருத்துவக் கருவி, பிளாஸ்டிக் பாகங்களை இணைக்கும் மீயொலி இயந்திரம், கடற்படையின் சோனார் ஆகியவற்றின் உள்ளே அதிர்வது பெரும்பாலும் ஒரே வகைப் பீங்கான்தான். லெட் ஜிர்கோனேட் டைட்டனேட், சுருக்கமாக பி.இசட்.டி. எனப்படும் அதன் எடையில் 60 சதவீதத்துக்கும் மேல் காரீயம் உள்ளது.

அழுத்தம்-மின்சாரம்

சில பொருள்களை அழுத்தினால் மின்னழுத்தம் தோன்றும். மின்னழுத்தம் கொடுத்தால் அவற்றின் வடிவம் சற்றே மாறும். அழுத்தமின் விளைவு எனப்படும் இதனை 1880-ஆம் ஆண்டு பிரான்சின் ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். முதல் உலகப் போரின்போது நீர்மூழ்கிகளைக் கண்டறிய பால் லாஞ்செவின் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு மீயொலி எழுப்பினார். 1950-களில் அறிமுகமான பி.இசட்.டி., அதன் கூடுதல் திறனால் முதலிடம் பிடித்தது.

விதியும் விலக்கும்

இப்பீங்கானை 1,000 டிகிரி செல்சியசுக்கும் அதிகமான வெப்பத்தில் சுடும்போது காரீய ஆக்சைடு ஆவியாகிறது. பயன்பாட்டுக்குப் பின் எஞ்சும் காரீயம் மின்னணுக் கழிவில் சேர்கிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என எதுவுமில்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு. இந்தியாவின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் காரீயத்துக்கு 0.1 சதவீத உச்சவரம்பு விதிக்கின்றன. எனினும், ஐரோப்பிய ஒன்றியத்தைப் போலவே இங்கும் அழுத்தமின் பீங்கான்களுக்கு விலக்கு உண்டு. நிகரான மாற்று இல்லாததே விலக்குக்கான அடிப்படை.

மாற்றுப் பொருள்கள்

பொட்டாசியம் சோடியம் நையோபேட், சோடியம் பிஸ்மத் டைட்டனேட், பேரியம் டைட்டனேட் ஆகிய மூன்று குடும்பங்கள் முக்கியமானவை. முதல் வகையில் பி.இசட்.டி.க்கு நிகரான அழுத்தமின் திறன் கொண்ட பீங்கானை 2004-ஆம் ஆண்டு ஜப்பானின் டொயோட்டா மத்திய ஆய்வகமும் டென்சோ நிறுவனமும் உருவாக்கின.

ஆனால் உயர் திறன் கருவிகளுக்கு அந்த அளவுகோல் மட்டும் போதாது. தொடர்ந்து வேகமாக அதிரும் பீங்கான் உள் இழப்பால் சூடாகிறது. சூடு எல்லை மீறினால் அதன் அழுத்தமின் பண்பே அழிந்துவிடும். அதிர்வின் வேகம் கூடும்போது பி.இசட்.டி.யில் இழப்பு விரைவாக உயர்கிறது. சோடியம் பிஸ்மத் டைட்டனேட் வகையில் அந்த உயர்வு குறைவு. ஆகவே, அழுத்தமின் திறன் குறைந்த அப்பொருள், கடும் அதிர்வில் பி.இசட்.டி.யுடன் போட்டியிடுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராஜீவ் ரஞ்சன் குழுவினர் இதன் படிக அமைப்பை ஆராய்ந்துள்ளனர்.

நீடிக்கும் தடைகள்

இவ்வகைப் பீங்கான்கள் பல, 200 டிகிரிக்குக் கீழேயே அழுத்தமின் பண்பை இழக்கத் தொடங்குகின்றன. நையோபேட் வகை 400 டிகிரி வரை தாங்கும். ஆனால் சுடும்போது பொட்டாசியமும் சோடியமும் ஆவியாவதால் தரம் சீராக அமைவது கடினம். மேலும், நையோபியத்தை வெட்டியெடுத்துப் பிரிப்பதால் ஏற்படும் சுற்றுச்சூழல் பாதிப்பையும் கணக்கிட்டால், இவ்வகை பி.இசட்.டி.யை விட மேலானதல்ல என 2016-ஆம் ஆண்டு பிரிட்டன் ஆய்வு ஒன்று சுட்டிக்காட்டியது குறிப்பிடத்தக்கது.